டவரை இறக்கினால் சிக்னல் ஏறுமா?

படுவான்கரையில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர் கார்த்திகை மாதம் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆலை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே. கடை கிழக்கே, களுவாஞ்சிகுடிப் பக்கம். நடுவில் சுமார் 4 கிலோமீட்டர், பெரும்பகுதி தண்ணீர். கடையின் கணக்கும் ஆலையின் கமராக்களும் ஒன்றாக ஓட வேண்டும் என்று இரு கரையிலும் இரும்புக் குழாய் நட்டு, கரைக்கொரு ரேடியோ டிஷ் பூட்டி, நேருக்கு நேர் திருப்பி வைத்திருந்தார். கோடை முழுக்க ஒழுங்காக வேலை செய்தது. மாரி தொடங்கி சில கிழமைகளில் லைன் விழத் தொடங்கிவிட்டது.

“பைனாகுலரால பார்த்தா அங்கால டிஷ்ஷில இருக்கிற போல்ட்டும் தெரியுது மனே. கண்ணுக்குத் தெரிஞ்சா சிக்னல் வரத்தானே வேணும்?”

பூட்டிக் கொடுத்தவர்கள் மழையைக் குற்றம் சொன்னார்களாம். வீட்டில் கண்ணூறு என்று முடிவாகி, குழாயின் உச்சிக்கு ஓர் எலுமிச்சம்பழமும் ஏறிவிட்டது.

மழைக் கதையை முதலில் முடித்துவிடுவோம். இந்த டிஷ்கள் 5.8 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. 60, 80 கிகாஹெர்ட்ஸ் கருவிகளைப் பலத்த மழை படுத்தும்பாடு உண்மை. 5.8-ஐ சாதாரண மழை அவ்வளவாக அசைக்காது. அதைவிடப் பெரிய சாட்சி ஆலைக்காரர் வாயிலேயே இருந்தது: மழை விட்டு வெயில் எறித்த நாட்களிலும் லைன் கிடந்தபடி கிடந்தது. மழை பெய்யாத நேரத்தில் மழை எப்படிக் குற்றவாளி ஆகும்?

சரி, கண்ணுக்குத் தெரிந்தால் போதாதா? போதாது. டிஷ்ஷிலிருந்து டிஷ்ஷுக்கு அலை நூல் பிடித்த மாதிரிப் போவதில்லை. மருதமுனைத் தறியில் ஓடும் நாடாவைப் போல இரு முனையும் கூர்ந்து நடு பருத்த ஓர் இடம் அதற்கு வேண்டும். பிரெனெல் வலயம் என்று பெயர். 4 கிலோமீட்டருக்கும் 5.8 கிகாஹெர்ட்ஸுக்கும் நடுவில் அதன் ஆரை 24 அடிக்குக் கிட்ட வரும். அதில் 60 சதவீதமாவது, அதாவது 14 அடியாவது, மரமோ தரையோ இடிக்காமல் இருக்க வேண்டும் என்பது தொழில்காரர்கள் கணக்கு. நம்மவரின் டிஷ்கள் இரண்டும் கோடை நீர்மட்டத்திலிருந்து 51 அடியில் நின்றன. தாராளம். ஆகவே இங்கே சிக்கல் இடிப்பதில் இல்லை.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம்.

பெளர்ணமியன்று வாவிக்கரையில் நின்றால் மேலே ஒரு நிலா, தண்ணீரில் ஒரு நிலா. டிஷ்ஷுக்கும் அதே கதை. அக்கரை டிஷ்ஷிலிருந்து ஓர் அலை நேரே வருகிறது. இன்னொன்று தண்ணீரில் பட்டுத் தெறித்து வருகிறது. தண்ணீரில் அலையடிக்குமே, கண்ணாடி கலைந்துவிடாதா என்று கேட்கலாம். கொப்பியின் மட்டையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, அதன்மேல் படுத்தவாக்கில் ஒரு விளக்கைப் பாருங்கள். சொரசொரப்பான மட்டைகூடப் பளபளக்கும். சாய்வு குறையக் குறைய எந்தப் பரப்பும் கண்ணாடிக்குக் கிட்ட வந்துவிடும். இங்கே அலை நீரைத் தொடும் கோணம் அரைப் பாகைகூட இல்லை. இந்தக் கோணத்தில் சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த அலைகள் எல்லாம் ரேடியோவுக்குச் சமதரைதான். நம் வாவி வாடைக் காற்றுக்குச் சிலிர்ப்பதை அது கண்டுகொள்வதே இல்லை.

தெறித்து வரும் அலை கொஞ்சம் சுற்றி வருகிறது. எவ்வளவு சுற்று? 4 கிலோமீட்டர்ப் பயணத்தில் வெறும் நான்கைந்து அங்குலம்! ஆனால் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமே 5.2 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம்தான். ஆகவே அந்த நான்கைந்து அங்குலம் பெரிய சங்கதி. அதோடு, இவ்வளவு படுத்த கோணத்தில் நீரில் பட்டுத் தெறிக்கும்போது அலை தலைகீழாகிறது: மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். இப்போது இரண்டையும் கூட்டுங்கள். சுற்றி வந்த தூரம் சரியாக ஓர் அலை, இரண்டு அலை என்று முழு எண்ணாக இருந்தால் ஒன்றின் மேட்டில் மற்றதின் பள்ளம் விழுந்து இரண்டும் அழிகின்றன. ஒன்றரை, இரண்டரை என்று அரை சேர்ந்தால் மேட்டோடு மேடு சேர்ந்து, வீச்சு இரட்டித்து, திறன் நான்கு மடங்குக்குக் கிட்டப் போகிறது.

நம்மவர் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பூமியின் வளைவையும் கழித்து, இரு டிஷ்களும் நீருக்கு மேல் 51 அடியில் இருந்தால் சுற்று ஏறக்குறைய 2.26 அலை. முழு எண்ணிலிருந்து விலகிய நல்ல இடம். 48 அடி என்றால்? கிட்டத்தட்டச் சரியாக 2 அலை. அழிவு! டிஷ் 51 அடியிலிருந்து 48-க்கு எப்படி இறங்கும்? டிஷ் இறங்கவில்லை, வாவி ஏறியது. மாரியில் ஆறுகளின் வெள்ளம் வந்து சேர, முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால் நீர் போக வழியில்லை. கரையோரக் கண்டல் வேர்கள் மூழ்குவதைப் பார்த்தால் ஏறிய அளவு தெரியும். ஆலையடித் துறையின் மரப்படியில் அன்றைக்கு நான் அளந்தது மூன்றடிக்கு ஒரு சாண் குறைவு.

நீரைக் கண்ணாடியாக வைத்து அலைகளை மோதவிடும் யோசனை நமக்கு வந்த புதுச் சங்கடம் இல்லை. 1834-இலேயே அயர்லாந்தின் ஹம்ப்ரி லொயிட் ஒளியையும் ஒரு கண்ணாடியையும் வைத்து இதைச் செய்து காட்டினார். 1946-இல் சிட்னியின் டோவர் ஹைட்ஸ் செங்குத்துக் கரையில் நின்ற ரூபி பேய்ன்-ஸ்கொட்டும் கூட்டாளிகளும் யுத்தகால ரேடார் அன்டனாவைக் கொண்டு உதய சூரியனைக் கேட்டார்கள். நேரே வந்த அலையும் கடலில் தெறித்து வந்த அலையும் மோதி ஏறி இறங்கிய விதத்திலிருந்து, ரேடியோ இரைச்சல் சூரியப் புள்ளிகள் இருந்த பக்கத்திலிருந்தே வருகிறது என்று கண்டார்கள். நமக்குத் தொல்லையாக இருப்பது அவர்களுக்குத் தொலைநோக்கியாக இருந்தது.

பரிகாரத்துக்கு வருவோம். எல்லோரும் முதலில் சொல்வது “பெரிய டிஷ் போடு”. பயனில்லை. இரண்டடி டிஷ் பார்க்கும் அகலமே சுமார் 6 பாகை. நேர் அலைக்கும் தெறித்த அலைக்கும் இடையே அரைப் பாகைகூட இல்லை. இரண்டையும் அது ஒரேபோல வரவேற்கும். அடுத்தது “டவரை உயர்த்து”. ஒரு பக்கத்தை 12 அடி உயர்த்தினால் வெள்ளக் காலத்துக்குச் சரிதான். ஆனால் உயர உயர, நீர்மட்டத்தின் சிறு மாற்றத்துக்கே சுற்றின் அளவு கூடுதலாக அசையும். நான் சொன்னது எதிர்ப்பக்கம்: ஒரு கரையில் மட்டும் டிஷ்ஷை 12 அடி இறக்குங்கள். வெள்ளத்தில் சுற்று ஒன்றரை அலை ஆகிறது, அலைகள் கூடும் இடம். கோடையில் 1.73, அதுவும் நல்லதுதான். பிரெனெல் வலயமும் தண்ணீரைத் தொடவில்லை. பெரிய தொலைத்தொடர்புக் கோபுரங்களில் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு டிஷ் பார்த்திருப்பீர்கள். பலவற்றில் காரணம் இதேதான்: ஒன்று அழிவில் விழும்போது மற்றது பிழைக்கும். அரிசி ஆலைக்கு அவ்வளவு செலவு வேண்டாம்.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லாமல் போக முடியவில்லை. வாவியின் நீர்மட்டத்தைப் வடக்கே பாலமீன்மடுவிலிருந்து தெற்கே வரை ஐந்தாறு இடங்களில் மணிக்கொரு தடவை அளந்து எல்லோரும் பார்க்க வைத்தால், அது லிங்க் பூட்டுகிறவனுக்கு மட்டுமா உதவும்? முகத்துவாரம் எப்போது வெட்டுவது என்று வயற்காரரும் மீன்பிடிகாரரும் வாதாடும்போது முன்னால் வைக்க ஓர் எண் இருக்கும். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இறுதியாண்டு ஆய்வுக்கு நல்ல விஷயமும் ஆகும். ஒரு திறப்பு விழாவின் பந்தலுக்கும் மாலைக்கும் போகும் காசில் பாதி போதும் என்பது என் எண்ணம்.

ஆலைக்காரர் நம்பவில்லை. “இறக்கினா எப்படி மனே ஏறும்?” என்று இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள், குருமண்வெளியில் பாதை (ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்க்கும் மிதவை) ஏறித் தண்ணீரைக் கடந்து போய், ஆலைப் பக்க டிஷ்ஷை ஆள்விட்டு இறக்கினோம். பத்தடி இறங்கும்போதே கடையிலிருந்த பையன் போனில் கத்தினான். தை மாதம் வெள்ளம் வடிந்த பிறகும் விசாரித்தேன், லைன் நிற்கிறது. முதலாளிக்கு ஒரே ஒரு குறைதான்: காசு கொடுத்து வாங்கிய 12 அடிக் குழாய், உச்சியில் எலுமிச்சம்பழத்தோடு சும்மா நிற்கிறது.