முட்டுக்கட்டை அல்ல, இடுக்கு

மேலாண்மைக் கணக்கியல் மொழிபெயர்ப்புகளில் ‘பாட்டில்நெக்’ (பாட்டில் கழுத்து) வந்தாலே ‘முட்டுக்கட்டை’ என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. பாட்டிலை எவ்வளவு சாய்த்தாலும் கழுத்து விடுகிற அளவுதான் வெளியே வரும். ஆலையிலும் மிகக் குறைவாக விடுகிற கட்டம்தான் மொத்த அளவை முடிவுசெய்யும். சொல்லின் பொருள் அவ்வளவே.

முட்டுக்கட்டை வண்டி உருளாமல் சக்கரத்துக்குக் கொடுக்கும் கட்டை. யாரோ வைப்பது. எடுத்து எறிந்தால் வண்டி ஓடும். கழுத்தை எறிந்துவிட முடியுமா?

சேலத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலையைப் பாருங்கள். குச்சிக்கிழங்கை (மரவள்ளி) தோல் நீக்கி அரைத்து, கிழங்குப் பாலைச் சலித்துத் தொட்டியில் தேக்குகிறார்கள். படிந்த ஈர மாவைக் குருணையாக உருட்டி, வறுத்து, களத்தில் காயவைக்கிறார்கள். அரவை நாளுக்கு 5 டன் மாவு தருகிறது, களம் 3 டன்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆலையின் அளவே 3 டன்தான். களமா முட்டுக்கட்டை? ஆலைக்குச் சோறு போடுவதே அதுதானே!

முட்டுக்கட்டை என்று படித்த மேலாளர், வைத்தது யார் என்று தேடிக் களத்து ஆட்களைத் திட்டுவார். அரவைப் பிரிவோ டன்னுக்கு ஆகும் செலவைக் குறைத்துக் காட்ட முழு வேகத்தில் ஓடும். மிஞ்சும் 2 டன் ஈர மாவு தொட்டியில் கிடந்து புளிக்கும். வெண்மை போகும், விலையும் போகும். பிரிவுக் கணக்கில் லாபம், ஆலைக் கணக்கில் நஷ்டம். அமைப்பை முழுதாகப் பார் என்பது இதற்குத்தான். இயற்பியல் படித்த இஸ்ரேலிய மேலாண்மைச் சிந்தனையாளர் எலியாஹு கோல்ட்ராட் 1980களில் கணக்கையே இந்த ஒடுங்கிய இடத்திலிருந்து தொடங்கச் சொன்னார்.

‘தடங்கல்’, ‘இடையூறு’ என்பவையும் முட்டுக்கட்டையின் உறவுகளே. ‘இடுக்கு’ என்று சொல்லுங்கள். இடுகுதல் என்றால் ஒடுங்குதல். மெலிந்த இடுப்பை இடுகிடை என்றது பழந்தமிழ். கழுத்தைப் போல இடுப்பும் உடம்போடு சேர்ந்தது. சந்து இடுக்கு என்று இன்றும் வீட்டில் புழங்கும் சொல்லை விட்டுவிட்டு அகராதியின் முதல் சொல்லை ஒட்டுபவர்கள், அதை வைத்து ஒரு கணக்காவது போட்டுப் பார்க்க வேண்டும்.

இதோ ஒன்று. மூட்டைக்கு 600 ரூபாய் மிஞ்சும் ரகம் களத்தில் 2 நாள் பிடிக்கிறது. 400 மிஞ்சும் ரகம் அதே பரப்பில் 1 நாள். மூட்டையைப் பார்த்தால் முதலாவது மேல். இடுக்கு நாளுக்கு, அதாவது களத்தின் ஒரு நாளுக்கு, வகுத்தால் 300, 400, இரண்டாவதுதான் மேல். ‘முட்டுக்கட்டை நாளுக்கு 400 ரூபாய்’ என்று எழுதிப் பாருங்கள், பொருளே வராது.