கிட்னி மாற்றியவர்களின் தோலில் வெயிலும் மாத்திரையும் விடும் தடம்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் என்னிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோலைக் காட்ட வரும் ஒரு லாரி டிரைவர் இருக்கிறார். வெள்ளைக்காரர். 1991இல் கிட்னி மாற்றினார், அது இன்றும் நன்றாக வேலை செய்கிறது. அவர் கையைப் பார்ப்பதற்கு முன் விரலால் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும், உப்புத்தாளைத் தொடுவது போல. இடது கையில் அங்கங்கேதான் இருக்கிறது. வலது கையில், அதாவது வண்டி ஜன்னல் பக்கம், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. அந்தக் கையில் மட்டும் இதுவரை நான்கு கட்டிகளை வெட்டி எடுத்திருக்கிறோம். நான்கும் செதில் செல் புற்றுநோய் என்ற தோல் புற்றுநோய்.

உறுப்பு மாற்றியவர்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். நார்வேயில் 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு 65 மடங்கு என்று கணக்கிட்டது. புது உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்க மாத்திரையால் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைப்பதால் கெட்டுப்போன செல்லை உடம்பு அடையாளம் கண்டு அழிப்பதில்லை என்று நோயாளிகளிடம் சொல்கிறோம். சரிதான். ஆனால் அந்த செல் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெட்டது?

இந்த டிரைவர் பல வருடம் அசத்தியோபிரின் என்ற எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைச் சாப்பிட்டவர். 1960களிலிருந்து புழக்கத்தில் உள்ள மாத்திரை, எத்தனையோ கிட்னிகளைக் காப்பாற்றியது. உடம்புக்குள் அது தயோகுவானினாக மாறி, டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானின் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரில் ‘ஏ’ வகையை நம் டிஎன்ஏ அவ்வளவாக உறிஞ்சாது. தயோகுவானின் நன்றாகவே உறிஞ்சும், உறிஞ்சி பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துச் சேதப்படுத்தும். 2005இல் இது நிரூபணமானது. இந்த ‘ஏ’ கதிர் சாதாரணக் கண்ணாடி வழியாகவும் உள்ளே வரும். ஜன்னலை ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுவேன் என்று அவர் சொன்னபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

2018இல் இப்படிப்பட்ட 40 கட்டிகளின் மரபணுக்களைப் படித்துப் பார்த்தவர்கள் வெயில் விட்ட பழுதுகளின் தடத்தோடு வேறொரு தடத்தையும் கண்டார்கள். இப்போது அதற்கு ‘32ஆம் கையெழுத்து’ என்று பெயர். அசத்தியோபிரினை எவ்வளவு காலம் சாப்பிட்டார்களோ, அவ்வளவு அழுத்தமாக அது பதிந்திருந்தது.

இப்படி அடிபடும் மரபணுக்களில் முக்கியமானது டிபி53. வெயிலில் மோசமாகச் சேதமான செல்லைத் தானாகவே சாக வைக்கும் காவல் இது. வெயில் இதையே உடைத்துவிட்டால் கெட்ட செல் உயிரோடு தங்கிப் பெருகும். நாட்ச் மரபணுக்களும் சேர்ந்து பழுதானால் தோல் செல் ஒழுங்காக முதிராது.

இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். கிட்னி போய்விடும். மருந்தை மாற்ற வழி இருக்கிறதா என்று உங்கள் கிட்னி டாக்டரிடம் கேளுங்கள். ஏற்கெனவே ஒரு கட்டி வந்தவர்கள் எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான சிரோலிமஸுக்கு மாறினால் புதுக் கட்டிகள் குறைகின்றன என்று 2012இல் ஒரு சோதனை காட்டியது. எல்லோருக்கும் அது ஒத்துக்கொள்ளாது, முடிவு உங்கள் டாக்டர் கையில்தான். முழுக்கை சட்டையும் சன்ஸ்கிரீனும் இன்றே தொடங்கலாம். ஒரு மாதமாகியும் ஆறாத புண், வேகமாக வளரும் கட்டி, தொட்டால் வலிக்கும் செதில் இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

அப்புறம், “நம்ம கறுப்புத் தோலுக்கு இதெல்லாம் வராது” என்ற பேச்சு. வெயிலிலிருந்து மெலனின் நிறையவே காக்கிறது, உண்மை. ஆனால் கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தப் புற்றுநோய் வெயில் படாத இடத்தில், பிறப்புறுப்பிலும் ஆசனவாயைச் சுற்றியும் வருவதைப் பார்க்கிறோம். அங்கே பெரும்பாலும் காரணம், மரு வரவைக்கும் வைரஸ் குடும்பமான எச்பிவி. டிபி53 மரபணுவை அது உடைப்பதில்லை. அந்த மரபணு செய்யும் புரதத்தைத் தன் ஈ6 புரதத்தால் அழித்துவிடுகிறது. வெயிலே படாமல் அதே காவல் போய்விடுகிறது.

கிட்னி மாற்றிய ஒரு யாழ்ப்பாணத்து அம்மா கை, முகம், முதுகு எல்லாம் காட்டி முடித்துச் செருப்பையும் போட்டுவிட்டார். கதவருகே நின்று, “இன்னொண்டு இருக்கு டொக்டர், சொல்ல வெக்கமாக்கிடக்கு” என்றார். நர்ஸை அழைத்து, திரை போட்டுப் பார்த்தோம். மரு என்று நினைத்து எட்டு மாதமாக மறைத்து வைத்திருந்தார். பயாப்ஸியில் புற்றுநோய் மேல்தோலைத் தாண்டவில்லை என்று வந்தது. எடுத்துவிட்டோம். அடுத்த முறை வந்தபோது, கேட்பதற்கு முன்பே அவரே திரைப்பக்கம் நடந்தார்.