கடலில் உயிர் காத்தவருக்கு ஜீவன் ரக்ஷா பதக்கம்: எங்கே தவறிப்போகிறது?

நடுக்கடலில் படகு கவிழ்ந்து ஒருவர் இறந்தால் எஃப்.ஐ.ஆர். இருக்கும், பிரேதப் பரிசோதனை அறிக்கை இருக்கும். எல்லாரையும் உயிரோடு கரைசேர்த்துவிட்டால் ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது. காப்பாற்றியவருக்குப் பதக்கம் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

1961 முதல் மத்திய உள்துறை வழங்கும் விருது இது. சர்வோத்தம், உத்தம், ஜீவன் ரக்ஷா என மூன்று நிலை. பதக்கம், உள்துறை அமைச்சர் கையெழுத்திட்ட சான்றிதழ், ஒரே தடவையாக ஒரு தொகை. காப்பாற்றப் போய் உயிரை விட்டவருக்கும் உண்டு.

நாமே டெல்லிக்கு மனு எழுதிப் பதக்கம் வாங்க முடியாது. மாநில அரசோ மத்திய அமைச்சகமோ பரிந்துரைக்க வேண்டும். நமக்கு அதன் தொடக்கம் கலெக்டர் ஆபீஸ். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் போனால் பரிந்துரையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு வருடம் தாராளமாகத் தெரியும். அதை நம்பாதீர்கள்.

ஃபைபர் படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவரோடு நானே அலைந்திருக்கிறேன். இருட்டில், காற்றில், கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்கிய மூன்று பேரை இழுத்துப் போட்டவர். வி.ஏ.ஓ. மீன்துறைக்குப் போகச் சொன்னார். மீன்துறையில் மரைன் போலீஸைக் கை காட்டினார்கள். அங்கே, "புகாரே இல்லையே, எதை வைத்து அறிக்கை கொடுக்க?" என்றார்கள். கடைசியில் ஒருவர் மனமிரங்கி எழுதிக் கொடுத்தபோது காலம் கடந்துவிட்டது என்று மனு திரும்பியது. அந்தக் காலத்தைக் கடத்தியது அவர் இல்லை. அதை எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை.

அதனால் கரை சேர்ந்த அன்றே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. கோஸ்ட் கார்டின் 1554 எண்ணுக்குப் பேசிச் சம்பவத்தைச் சொல்லுங்கள். ஆட்களை ஏற்கெனவே மீட்டுவிட்டாலும் சொல்லுங்கள். அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். மரைன் போலீஸில் எழுத்தில் தகவல் கொடுத்து, தகவலைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். ஜி.பி.எஸ். திரையைப் போட்டோ எடுங்கள். கப்பல் என்றால் லாக் புக் (கப்பலின் அன்றாடப் பதிவேடு) பக்கத்தின் நகலைக் கேப்டன் கையெழுத்தோடு வாங்குங்கள். பிழைத்தவர்களின் வாக்குமூலம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். அவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன்பே கையெழுத்தும் போன் நம்பரும் வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வேறு மாவட்டத்தில் போய்த் தேடுவது பெரும்பாடு.

காப்பாற்றியவர் கையில் கயிறு அறுத்திருக்கும், விலா அடிபட்டிருக்கும். நம் ஆட்கள் மஞ்சளைப் பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாள் தொழிலுக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அரசு மருத்துவமனைக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்பதை வைத்து மட்டும் மூன்றில் எந்த நிலைப் பதக்கம் என்பது முடிவாவதில்லை. காப்பாற்றியவரின் உயிருக்கு எவ்வளவு ஆபத்து இருந்தது, அவருக்குக் கடுமையான காயம் ஏற்படும் நிலை இருந்ததா என்றுதான் பார்க்கிறார்கள். "துணிச்சலாகக் காப்பாற்றினார்" என்ற ஒற்றை வரி போதாது. அலை, காற்று, இருட்டு, தண்ணீரில் இருந்த நேரம், லைஃப் ஜாக்கெட் இருந்ததா இல்லையா, எல்லாம் மனுவில் வரவேண்டும்.

"அது உங்க வேலைதானே?" என்ற பதிலும் வரும். வணிகக் கப்பல் மாலுமிகளைக்கூட இப்படித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். பணி நேரத்தில் செய்த மீட்புக்கு இந்த விருது இல்லை என்ற விதி முப்படை, காவல்துறை, தீயணைப்புத்துறை ஆகியோருக்குத்தான். அவர்களும் பணியில் இல்லாதபோது காப்பாற்றியிருந்தால் தகுதி உண்டு. கடற்படை வீரர் விடுப்பில் ஊருக்கு வந்தபோது கடலில் குதித்திருந்தால் லீவ் ஆர்டர் நகலை மனுவோடு சேருங்கள். மீனவரும் வணிகக் கப்பல் மாலுமியும் அந்தப் பட்டியலில் இல்லை. விதியின் அந்த வரியைக் காட்டுங்கள்.

இதை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். தமிழக அரசு குடியரசு தினத்தன்று வழங்கும் வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கத்துக்கும் அதே தாள்கள் உதவும். கோஸ்ட் கார்ட் தலைமையிலான தேசியக் கடல்சார் தேடல் மீட்பு வாரியம் மீன்பிடிப் படகுகளுக்கும் வணிகக் கப்பல்களுக்கும் தனியாக விருது தருகிறது. கப்பலில் இருப்பவர்களுக்கு சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வீர விருதும் இருக்கிறது. 2015 ஜூனில் வங்கக் கடலில் தத்தளித்த துர்கம்மா படகின் ஏழு மீனவர்களை மீட்ட கேப்டன் ராதிகா மேனனுக்கு 2016-இல் அது கிடைத்தது. அவர் பெயரை முன்மொழிந்தது இந்திய அரசு. மாலுமி தனியாக எழுதி எதுவும் ஆகாது, கம்பெனியை எழுத வையுங்கள்.

மனுவைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் கையிலேயே கொடுத்து, மனு எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். இரண்டு மாதம் பதில் இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. போடுங்கள். கேள்வி ஒன்று போதும்: இந்த மனு இன்று எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது?