சொகுசு மோட்டார் சைக்கிளுக்குக் கூடுதல் இழுவை வேண்டுமா? பணத்தை எடுப்பதற்கு முன்

"அண்ணே, மோட்டார்ல பவர் பத்தல. என்ன மாத்தலாம்?"

கோலாலம்பூர் செந்தூலில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கேட்பவர்கள் பந்தயம் ஓட்டுகிறவர்கள் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பெட்டி என்று குவாந்தானுக்கோ பினாங்குக்கோ நிதானமாகப் போய் வருகிறவர்கள். கேட்கும்போதே கைபேசியில் ஒரு எக்ஸோஸ் (புகைக்குழாய்) படம் தயாராக இருக்கும்.

நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்த இடத்தில் பத்தவில்லை? பதில் பெரும்பாலும் ஒன்றே. காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் முன்னால் லாரி போகிறது, வலது தடத்துக்கு மாறி முந்தப் பார்த்தால் வண்டி திணறுகிறது, பின்னால் கார் விளக்கடிக்கிறது. அந்த நேரத்தில் பயம் வருவது நியாயம்தான். ஆனால் அங்கே உங்களுக்குப் பத்தாமல் போனது உச்சவேகம் இல்லை, நடு வேகத்து இழுவை. விளம்பரத்தில் போடும் குதிரைத்திறன் வேறு, நீங்கள் ஓட்டும் சுற்றில் (இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு) கிடைக்கும் இழுவை வேறு.

ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் உச்சத் திறன் சுமார் 20 குதிரைத்திறன், கிடைப்பது 6,100 சுற்றில். உச்ச முறுக்குவிசை, அதாவது இழுவை, 27 நியூட்டன் மீட்டர், அது 4,000 சுற்றில். கணக்குப் போட்டால் 4,000 சுற்றில் இஞ்சின் தருவது 15 குதிரைத்திறன்தான். மேல் கியரில் 4,000-ஐத் தொடாமல் ஓட்டிக்கொண்டு லாரியை முந்தப் பார்த்தால் மீதி 5 குதிரைத்திறன் உள்ளேயே கிடக்கும். ஒரு கியர் குறைத்து, சுற்றை ஏற்றிவிட்டு முந்துங்கள். திறன் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, ஒரு வெள்ளி செலவில்லாமல். இஞ்சின் சத்தம் கூடுவதைப் பார்த்துப் பயந்து கியரைக் குறைக்காதவர்கள் நிறைய. அந்தச் சுற்றைத் தாங்கும்படிதான் இஞ்சினைக் கட்டியிருக்கிறார்கள்.

கியரைக் குறைத்தும் பத்தவில்லை என்றால், புதிதாகச் சேர்ப்பதற்கு முன் தொலைந்ததைத் தேடுவேன். சில வருடம் ஓடிய வண்டியில் திறன் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், ஓட்டுகிறவருக்கே தெரியாது.

கைப்பிடியை முறுக்கினால் இஞ்சினின் காற்றுக் கதவைத் திறக்கும் த்ராட்டில் கேபிளிலிருந்து தொடங்குங்கள். இஞ்சினை நிறுத்திவிட்டு, காற்றுப் பெட்டிக் குழாயைக் கழற்றி, கைப்பிடியை முழுக்க முறுக்கிப் பிடிக்கச் சொல்லி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். உள்ளே உள்ள வட்டத் தகடு, அதுதான் கதவு, காற்று வரும் திசைக்கு இணையாகப் படுத்திருக்கவேண்டும். கேபிள் தளர்ந்த வண்டியில் அது சாய்ந்தே நிற்கும். கை முழுக்க முறுக்கியும் கதவு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். கேபிள் நட்டைச் சரிசெய்தால் முடிந்தது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, இஞ்சின் வேகம் தானாக ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறினால் கேபிள் இப்போது அளவுக்கு மீறி இறுகிவிட்டது.

அடுத்தது பிரேக். பின்சக்கரத்தைத் தூக்கி, நியூட்ரலில் கையால் சுற்றிவிடுங்கள். சர்சர் என்று லேசாக உரசுவது சகஜம். அரைச்சுற்றில் நின்றுவிட்டால் பிரேக் காலிபரின் ஊசி (பின்) இறுகியிருக்கிறது, அல்லது செயின் அளவுக்கு மேல் முறுக்கேறி இருக்கிறது. இங்கே பெய்யும் மழைக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். காற்று வடிகட்டி, பிளக், வால்வு இடைவெளி, டயர் காற்று எல்லாம் வழக்கமான சர்வீஸ் வேலை. அதைச் செய்யாமல் புது எக்ஸோஸ் போடச் சொல்லி வருகிறவரை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். காருக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று மோட்டாருக்கு ஊற்றுகிறார்கள். கியர் மோட்டார்களில் பெரும்பாலானவற்றில் கிளட்ச் இஞ்சின் எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கிறது. கார் எண்ணெய்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்திருக்கும், அது கிளட்ச் தட்டுகளையும் வழுக்க வைக்கும். மேல் கியரில் ஏற்றத்தில் முறுக்கும்போது சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், கிளட்ச் வழுக்குகிறது. டப்பாவில் இப்படிப்பட்ட கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெட்ரோலிலும் ஒன்று: ரோன் 95 பெட்ரோலுக்குத் தயாரித்த இஞ்சினில் ரோன் 97 ஊற்றினாலும் திறன் அதிகரிக்காது.

கெந்திங் மலை மேலே போனால் வண்டி செத்துவிடுகிறது என்பார்கள். அங்கே உயரம் சுமார் 1,800 மீட்டர். காற்றின் அடர்த்தி கீழே உள்ளதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, திறனும் அந்த அளவுக்குக் குறையும். ஃபியூல் இஞ்செக்‌ஷன் பெட்ரோலைக் காற்றுக்கேற்ப அளந்து ஊற்றுமே தவிர, இல்லாத காற்றைக் கொண்டுவராது. இது பழுது இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் சுமையோடு ஏறுவதுதான் உங்கள் வழக்கம் என்றால், நான் முதலில் சொல்வது முன் ஸ்ப்ராக்கெட், அதாவது செயினை இழுக்கும் முன்பக்கப் பல்சக்கரம். 15 பல் இருந்தால் 14 போடலாம். பின்சக்கரத்தில் இழுவை எல்லா கியரிலும் 7 விழுக்காடு கூடும். அதற்கு விலை உண்டு: அதே வேகத்துக்கு இஞ்சின் 7 விழுக்காடு கூடுதலாகச் சுற்றும், பெட்ரோல் கொஞ்சம் கூடப் போகும், நெடுஞ்சாலையில் அதிர்வு கைக்குத் தெரியும். கியர்பெட்டியில் வேக உணரி உள்ள வண்டியில் மீட்டர் உண்மையைவிட அதிகம் காட்டும். பழைய ஸ்ப்ராக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் திருப்பி மாட்டிக்கொள்ளலாம்.

எக்ஸோஸுக்கு வருவோம். பின்குழாயை மட்டும் மாற்றினால் எடை குறையும், சத்தம் கூடும். திறன் கூடினாலும் பெரும்பாலும் உச்சச் சுற்றில்தான், நீங்கள் முந்தும் நடுச் சுற்றில் சில சமயம் குறையவும் செய்யும். முழு எக்ஸோஸ் மாற்றி, திறந்த வடிகட்டியும் போட்டு, ஈசியூவை (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கணினி) மட்டும் அப்படியே விட்டுவிடுகிறவர்கள்தான் எனக்குக் கவலை. காற்று கூடுகிறது, அதற்கேற்ற பெட்ரோல் வராமல் போகிறது. த்ராட்டிலை விட்டதும் பட்பட் என்று வெடிக்கிறது, நெரிசலில் நிற்கும்போது தொடையில் சூடு அடிக்கிறது. திறந்த வடிகட்டி இஞ்சின் பக்கத்துச் சூட்டுக் காற்றையே இழுக்கும். 30 டிகிரிக் காற்றுக்குப் பதில் 50 டிகிரிக் காற்று போனால் அடர்த்தி 6 விழுக்காடு குறைகிறது. சாயங்கால மழையில் தண்ணீரும் உள்ளே போகும். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றி, ஈசியூவைச் சரிசெய்து, முன்னும் பின்னும் எடுத்த வரைபடம் இரண்டையும் கையில் வாங்குங்கள். அதில் உச்ச எண்ணைப் பார்க்காமல் 3,000 முதல் 5,000 சுற்று வரை கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். சத்தத்துக்கு 1987-லிருந்தே விதிமுறை இருக்கிறது. ரோட் பிளாக்கில் சமன் (அபராதச் சீட்டு) கிடைத்தால் கடைக்காரர் கட்டமாட்டார்.

சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடும் வேலையை நான் எடுப்பதில்லை. சூடு கூடும், கேஸ்கெட் போகும், கிராங்க் அந்த அடியைத் தாங்கும்படி செய்யப்படவில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து காகிதத்தில் இருக்கிறது. கிராண்டில் (வண்டிப் பதிவுப் பத்திரம்) எழுதியிருக்கும் சிசி வேறு, வண்டியின் சிசி வேறு. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி இல்லாமல் அப்படி ஓட்டுவது குற்றம். மோட்டார் ஓட்டும் பி2 உரிமம் 250 சிசி வரைதான், 250-ஐக் குடைந்து தாண்டினால் உரிமமே இல்லாமல் ஓட்டுவது போல ஆகிவிடும். காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாத மாற்றம் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டையே முடக்கிவிடலாம். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று பணம் கொடுக்கும் அப்பாக்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும்.

உச்சவேகம்தான் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. காற்றைத் தள்ளத் தேவையான திறன் வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் ஏறும். 100-லிருந்து 125-க்குப் போகக் காற்றுக்கு மட்டுமே ஏறக்குறைய இரண்டு மடங்கு திறன் வேண்டும். பக்கப் பெட்டியும் முன்னால் காற்றைத் தடுக்கும் உயரமான கண்ணாடியும் இருந்தால் இன்னும் மோசம். எக்ஸோஸ் தரும் ஓரிரு குதிரைத்திறன் அதில் கரைந்துபோகும். அந்த அளவுக்குத் திறன் வேண்டும் என்றால் இந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, சிசி வரம்பு இல்லாத முழு பி உரிமம் எடுத்து, 650 சிசி மோட்டார் வாங்குங்கள். பிரேக்கும் வண்டிச் சட்டகமும் டயரும் அந்தத் திறனுக்கேற்றபடி தொழிற்சாலையிலேயே வந்திருக்கும்.

உங்கள் பட்டறைக்காரரிடம் போகும்போது "பவர் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தச் சாலை, எந்த கியர், எத்தனை சுற்று, பின்னால் ஆள் இருந்தாரா, கடைசியாக வால்வு பார்த்தது எப்போது, என்ன எண்ணெய் ஊற்றினீர்கள் என்று சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.