சேர்வர் அறையை மாற்ற முதல் ஒருதரம் அறைக்குள் போய்ப் பாருங்கள்

இன்னொரு நிறுவனமும் இதே இடத்தில் விழுந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. வவுனியாவில் இருந்து கிளிநொச்சியில் கட்டிய புதுக் கட்டடத்துக்குச் சேர்வர் அறையை மாற்றினார்கள். சனி இரவு நிறுத்தி, ஞாயிறு பின்னேரத்துக்குள் எல்லாம் ஓட வேண்டும் என்பது திட்டம். கையில் நல்ல உட்கட்டமைப்பு முகாமை மென்பொருளும் இருந்தது, எந்தக் கருவி எந்த ரேக்கில் (கருவிகளை அடுக்குகிற இரும்புச் சட்டத்தில்), எந்தக் கேபிள் எங்கே என்று ரேக் ரேக்காகப் படத்தோடு. செவ்வாய் வரைக்கும் கிளைகள் திறந்திருந்தும் ஒரு அலுவலும் நடக்கவில்லை. கலியாணத்துக்காக நகை மீட்க ஒட்டுசுட்டானில் இருந்து பஸ் ஏறி வந்த அம்மாவை வெறுங்கையோடு அனுப்பினார்கள்.

என்ன நடந்தது? பழைய ரேக்கின் மேல் தூசு படிந்து கிடந்த ஒரு சின்ன மீடியா கன்வேர்ட்டர் (ஃபைபர் கேபிளையும் செம்புக் கேபிளையும் இணைக்கிற பெட்டி) மென்பொருளில் இல்லை, அதனால் லொறியிலும் ஏறவில்லை. கிளைகளின் இணைப்பு வந்தது அதனூடாக. அதைத் தேடி எடுத்துப் பூட்டுவதற்குள், தரவு முழுக்க இருக்கிற டிஸ்க் பெட்டியான ஸ்டோரேஜ் நின்றுவிட்டது. அதன் இரண்டு மின்கேபிளும் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு யுபிஎஸ்ஸில் இருப்பதாகப் பதிவு சொன்னது, புது இடத்துக்கு மின்சுமைக் கணக்கும் அதை வைத்துத்தான் போட்டார்கள். பழைய அறையில் இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில் இருந்தன. கழற்றியவர்கள் கண்டபடியே புது இடத்திலும் சொருகினார்கள். யுபிஎஸ் சுமை தாங்காமல் விழுந்தது, டேட்டாபேஸ் பாதியில் அறுந்தது. மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது அந்தப் பிழை அல்ல, முந்திய கிழமை நடந்த கூட்டத்தில் மேலாளர் “எல்லாம் மென்பொருளில இருக்குத்தானே தம்பி, பிறகேன் அறைக்குள்ள போய் ரெண்டு நாள் நிக்கிறீங்கள்?” என்று கேட்டதுதான். போகிற இடமெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது, மேலாளரிடம் இருந்து மட்டுமல்ல, படித்த பெடியன்களிடம் இருந்தும். ஆகவே ஆறுதலாகச் சொல்கிறேன். நெட்பொக்ஸ், ஓப்பன் டிசிஐஎம், ரேக்டேபிள்ஸ், டிவைஸ்42 என்று இந்த வகை மென்பொருள் எதுவாக இருந்தாலும், அதற்குள் இருப்பது யாரோ ஒருவர் ஒரு நாள் தட்டச்சுச் செய்தது. அந்த நாளுக்குப் பிறகு அறைக்குள் யார் போனார், எதைப் பிடுங்கினார், எதை மாற்றிச் சொருகினார் என்பது அதற்குத் தானாகத் தெரியாது. “தானாகக் கண்டுபிடிக்கிற வசதி இருக்கே” என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது கண்டுபிடிப்பது பதில் சொல்லத் தெரிந்த கருவிகளை மட்டும். நெட்வேர்க் சுவிட்சுகள் எல்எல்டிபி என்ற நெறிமுறை மூலம் பக்கத்து வீட்டுக்காரன் யார் என்று சொல்லும், சேர்வர்கள் எஸ்என்எம்பி என்ற கண்காணிப்பு நெறிமுறையில் பதில் தரும். கேபிள்கள் வந்து முடிகிற பேட்ச் பேனல் கதைக்காது. மலிவு சுவிட்ச் கதைக்காது. மீடியா கன்வேர்ட்டர் பெரும்பாலும் கதைக்காது. ஒரு மின்கேபிள் எந்தப் பிளக்கில் இருக்கிறது என்று எந்த சேர்வரும் சொல்லாது. கணக்கு மென்பொருளின் உரிமத்துக்காகப் பின்பக்கம் சொருகியிருக்கும் யுஎஸ்பி டொங்கிளை ஒருவரும் பதிவதில்லை, அது இல்லாமல் திங்கள் காலை கணக்குப் பிரிவு திறக்காது. கொப்பியில் எழுதியதை மட்டும் பார்த்து, சாக்கை எண்ணாமல் நெல்லுக்கு லொறி பிடிக்கிற கமக்காரன் வன்னியில் இல்லை. சேர்வர் அறைக்கு மட்டும் ஏன் பிடிக்கிறோம்?

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 இல் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில், இருந்த இன்வேர்ட்டரையும் யுபிஎஸ்ஸையும் வைத்து எப்படியாவது ஓட்டப் பார்த்தோம். அவசரத்துக்கு எக்ஸ்டென்ஷன் போட்டோம், ஒரு லைனில் இருந்ததை இன்னொரு லைனுக்கு மாற்றினோம். அந்த நேரத்தில் அது சரி. ஆனால் நான் பார்த்த அறைகளில் அந்த மாற்றங்களைப் பிறகு மென்பொருளில் ஏற்றிய இடங்கள் குறைவு. மேலே சொன்ன இரண்டு மின்கேபிளும் ஒன்றாகச் சேர்ந்தது அப்படித்தான்.

சரி, அப்போ இந்த மென்பொருள் எதற்கு? பதிவு உண்மையாக இருந்தால் இதைவிட நல்ல துணை இல்லை. 2016 இல் திறந்த மூலமாக வெளியான நெட்பொக்ஸைத்தான் நான் கூடுதலாகப் பாவிக்கிறேன். காசு இல்லை, சின்ன நிறுவனத்துக்கும் தாங்கும். புது இடத்தை அதில் ஒரு தனித் தளமாக (சைற்) உருவாக்கி, அங்கே ரேக்குகளை வரைந்து, ஒவ்வொரு கருவிக்கும் வரப்போகிற இடத்தை ‘திட்டமிட்டது’ என்ற நிலையில் வையுங்கள். கேபிளுக்கும் அந்த நிலை உண்டு. இதைச் செய்யும்போதே இரண்டு கருவி ரேக்கின் ஒரே யூவில், அதாவது ஒரே தட்டில், மோதுவதும், போர்ட் போதாததும் திரையில் தெரிந்துவிடும், லொறி வந்து நின்ற பிறகு தெரிவதைவிட அது நல்லது. ஒரு யூ என்றால் 44.45 மில்லிமீற்றர், உயரம் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆழத்தைப் பார்ப்பதில்லை. புது ரேக்கின் முன், பின் தூண்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து, கருவியைத் தாங்குகிற உங்கள் ரெயில் அதற்கு நீளுமா என்று பாருங்கள். பாரமான ஸ்டோரேஜ், பற்றரி எல்லாம் கீழே.

மின்சாரம்தான் எல்லோரையும் கவிழ்க்கிற இடம், கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் லைன் ஒன்று 3680 வாட். தொடர்ந்து ஓடுகிற சுமைக்கு அதில் 80 வீதம், ஏறத்தாழ 2940 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. இப்போது ஒரே ரேக்குக்கு வருகிற இரண்டு லைனில், ஏ லைனில் 2200, பி லைனில் 2200 ஓடுகிறது என்று வையுங்கள். திரையில் இரண்டும் 60 வீதம், பார்க்க நன்றாக இருக்கும். ஒரு லைன் விழுந்தால் மற்றதில் 4400 ஏறும், பிரேக்கர் விழும், முழு ரேக்கும் இருளும். ஒவ்வொன்றும் 1400 அளவில் இருந்தால்தான் ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும். சேர்வரின் பெட்டியில் 750 வாட் என்று அடித்திருப்பதை அப்படியே கூட்டாதீர்கள், அது பவர் சப்ளை தரக்கூடிய உச்சம். ஓடும்போது உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்பதை சேர்வருக்குள்ளேயே இருக்கிற முகாமைப் பகுதி (டெல்லில் ஐட்ராக், எச்பியில் ஐஎல்ஓ) சொல்லும், இல்லாவிட்டால் கிளாம்ப் மீற்றர் வைத்து அளக்கலாம். மாதக் கடைசிக் கணக்கு முடிக்கிற நாளில் அளந்தால் இன்னும் நல்லது. இழுக்கிற வாட் முழுக்க சூடாகத்தான் வெளியே வரும், 12,000 பிடியு ஏசி ஒன்று கிட்டத்தட்ட 3.5 கிலோவாட் சூட்டை எடுக்கும். சித்திரை வெயிலில் கரண்ட் போய், சேர்வர் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்க ஏசி நின்றால் அறை எவ்வளவு நேரம் தாங்கும் என்று கட்டடத்தைக் கையேற்க முதல் கேளுங்கள். அறை கீழ்த் தளத்திலா என்றும் கேளுங்கள், 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

அறைக்குள் போகிற நாளில் இரண்டு பேர் போங்கள், ஒருவர் வாசிக்க ஒருவர் பார்க்க. டோர்ச், லேபிள், மடிக்கணினி. ஒவ்வொரு கேபிளையும் கையால் பிடித்து மறுமுனை வரை போங்கள், இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டுங்கள், பிழையை அங்கேயே நின்று மென்பொருளில் திருத்துங்கள், “பிறகு ஏற்றுவம்” என்று தாளில் எழுதிக்கொண்டு வராதீர்கள். அன்றிலிருந்து மாற்றுகிற நாள் வரைக்கும் யாரும் எதையும் சொருகவோ பிடுங்கவோ கூடாது. எவ்வளவு பெரிய ஐயா கேட்டாலும்.

எந்தச் சேர்வர் முதலில் எழும்ப வேண்டும் என்பதையும் மென்பொருள் சொல்லாது. டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்குவது), டைரக்டரி (பாவனையாளர் கணக்குகள் இருப்பது), ஸ்டோரேஜ், டேட்டாபேஸ், அப்புறம்தான் மற்றவை, இந்த ஒழுங்கை அதைப் பாவிக்கிற ஆட்களோடு கதைத்து எழுதி ஒவ்வொரு கருவிக்கும் டேக் போட்டு வையுங்கள். வருடக்கணக்காக நிற்காமல் ஓடிய பழைய டிஸ்க்குகள் ஒருதரம் நின்றால் திரும்பச் சுற்றாமல் போகலாம். ஆகவே பேக்கப்பை எடுத்தால் மட்டும் போதாது, இன்னொரு இயந்திரத்தில் திருப்பி ஏற்றிப் பாருங்கள். அடிக்கடி மறக்கிற இன்னொன்று, அந்த மென்பொருளே நீங்கள் நிறுத்தப்போகிற சேர்வர் ஒன்றில்தான் ஓடுகிறது. நிறுத்த முதல் ரேக் படங்களையும் கேபிள் பட்டியலையும் அச்சடித்து எடுங்கள், மடிக்கணினியிலும் ஒரு பிரதி.

லொறியில் நிறைந்த ரேக்கை அப்படியே ஏற்றாதீர்கள். கழற்றி, டிஸ்க்குக்கு இலக்கம் போட்டு, மெத்தை வைத்து ஏற்றுங்கள். ஏ9 இப்போது நல்ல வீதிதான், ஆனால் சாரதி முறிகண்டியில் நிறுத்துவார், தேங்காய் உடைப்பார், கச்சான் வாங்குவார். அந்த நேரத்தையும் திட்டத்தில் போடுங்கள், உங்கள் ஆள் ஒருவர் லொறியோடு இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்குள் இந்த வேலையை வைக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

எல்லாம் ஓடின பிறகு, ‘திட்டமிட்டது’ என்று வைத்த கருவிகளை எல்லாம் அன்றைக்கே ‘இயங்குகிறது’ என்றும் கேபிள்களை ‘இணைக்கப்பட்டது’ என்றும் மாற்றுங்கள், பழைய தளத்தில் உள்ள கேபிள் பதிவுகளை அழியுங்கள். பழைய கட்டடத்தின் சாவியையும் இணைப்பையும் உடனே கொடுத்துவிடாதீர்கள். மாதக் கடைசிக் கணக்கு ஒருதரம் புது இடத்தில் ஓடி முடியட்டும்.