ஃபார்மட் போடச் சொல்வதற்கு முன்

வீடுகளுக்குப் போய் கம்ப்யூட்டர் சரிபார்ப்பது என் தொழில். பல வீடுகளில் செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பு வந்துவிடும்: "வைரஸ் புகுந்துடுச்சு தம்பி, ஃபார்மட் போட்டுக் கொடுத்துடுங்க." போட்டுவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு கிளம்புவது எனக்குச் சுலபம்தான். ஆனால் டெஸ்க்டாப்பில் கிடக்கும் கல்யாண போட்டோவும், டவுன்லோட்ஸில் இருக்கும் பத்திர நகலும் ஃபார்மட் போட்டால் அழிந்துபோகும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. அழிந்த பிறகுதான் தேடுவார்கள். உண்மையில் அந்த அளவுக்குப் போக வேண்டிய பழுது குறைவு.

அதிகம் வரும் புகார், "ரொம்ப ஸ்லோவா இருக்கு." கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு வரைபடத்துக்குக் கீழே 'அப் டைம்' என்று ஒரு எண் ஓடும். கம்ப்யூட்டர் எவ்வளவு நேரமாகத் தொடர்ந்து ஓடுகிறது என்பதுதான் அது. ஒரு பெரியவர் வீட்டில் மூன்று வாரத்துக்கு மேல் காட்டியது. "தினமும் ராத்திரி ஆஃப் பண்ணிட்டுத்தானே தம்பி படுக்கிறேன்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. மறுநாள் சீக்கிரம் எழுவதற்காக, ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் உட்பகுதியின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்ளும். காலையில் அதையே மறுபடி ஏற்றிக்கொள்வதால் பழைய சிக்கலும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அந்த வீட்டில் நான் செய்தது ரீஸ்டார்ட் மட்டுமே. அதற்கு விசிட் சார்ஜ் கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் மந்தமாக இருந்தால், அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதியைப் பாருங்கள். கம்ப்யூட்டர் எழும்போதே கூட்டமாக எழும் புரோகிராம்கள் அங்கே தெரியும். வேண்டாதவற்றை டிசேபிள் செய்யுங்கள். இரண்டு ஆண்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள மெஷினில் 'டிஸ்க் 100%' என்று எப்போதும் நின்றால், எத்தனை தடவை ஃபார்மட் போட்டாலும் கதை அதேதான். அதற்குப் பதில், சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்கான எஸ்எஸ்டி போடுங்கள்.

சரி, இப்போது 'வைரஸ்' விஷயத்துக்கு வருவோம். திரையின் வலது கீழ் மூலையில், பெயர்பெற்ற ஆண்டிவைரஸ் கம்பெனியின் சின்னத்தோடு ஒரு பெட்டி எட்டிப்பார்க்கும். 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்' என்று பயமுறுத்தும். பதறாமல் அந்தப் பெட்டிக்குள் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். குரோம் பெயரும், கேள்விப்பட்டே இராத ஏதோ ஒரு இணையதள முகவரியும் இருக்கும். அது வைரஸ் இல்லை, விளம்பரம். ஓசியில் படம் பார்க்கப் போன தளத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்தவும்' என்று கேட்டிருப்பார்கள், வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். யார் என்று நான் கேட்பதில்லை; கேட்டால் வீட்டில் சண்டை வரும். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தெரியாத பெயரையெல்லாம் நீக்குங்கள். பெட்டி வருவது அத்தோடு நிற்கும்.

இதைவிட மோசமானது, திரை முழுவதையும் பிடித்துக்கொண்டு பீப் சத்தத்தோடு 'உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று வரும் பக்கம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது. எஸ்கேப் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள்; மசியவில்லையென்றால் டாஸ்க் மேனேஜரில் குரோமைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். அந்த எண்ணுக்கு அழைத்தால், தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற ஒன்றைப் போடச் சொல்லி உங்கள் திரையையே கையில் எடுத்துக்கொள்வார்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். இன்னொரு தந்திரமும் சில வருடங்களாகச் சுற்றுகிறது: விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, அப்புறம் கண்ட்ரோல்-வி, என்டர் என்று ஏதாவது பக்கம் சொல்லும். நீங்கள் ஒட்டுவது அந்தத் தளம் உங்களுக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்த கட்டளை. எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று வந்தால், முதலில் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு. தேதி தவறானால் எல்லாச் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். தேதியைத் திருத்தியும் மறுநாள் பின்னால் போகிறதென்றால் மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. விலை மலிவுதான். இதற்கும் ஃபார்மட் போட்ட புண்ணியவான்கள் இருக்கிறார்கள்.

ஃபார்மட் தவிர வழியே இல்லை என்ற நிலையும் வரும். விலைகொடுத்து வாங்காமல் 'கிராக்' போட்ட சாஃப்ட்வேர் வழியாக உண்மையான வைரஸ் இறங்கிய மெஷின்கள் அந்த ரகம். அப்போது போட்டோ, ஆவணங்களை எடுத்து வைப்பதோடு, குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். வைரஸ் அவற்றைத் திருடியிருக்கலாம் என்பதால், முக்கியமான கணக்குகளின் பாஸ்வேர்டை வேறொரு நல்ல கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள். புது லேப்டாப் என்றால் இன்னொன்றும் உண்டு. பலவற்றில் டிஸ்க், விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பூட்டு முறையில் பூட்டப்பட்டே வருகிறது. விண்டோஸ் எழுவதற்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸில் நான் எதையாவது மாற்றினால் நீலத் திரை வந்து 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே அந்தக் கணக்கில் நுழைந்து சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். அது இல்லாமல் உள்ளே இருப்பதை எடுக்க என்னால் முடியாது.