இங்கிலீஷ் ஹார்பரில் ஒரு மாலுமியை இறக்கிவிடும்போது

கரீபியக் கடலின் ஆன்டிகுவா தீவின் தென்கரையில் இருக்கும் இங்கிலீஷ் ஹார்பரின் வாய் கடலிலிருந்து பார்த்தால் கடைசிவரை கண்ணுக்குத் தட்டுப்படாது. பிரிட்டிஷ் கடற்படை 18ஆம் நூற்றாண்டில் இங்கே கப்பல் பழுதுபார்க்கும் தளம் அமைத்ததற்கு இந்த மறைவும், புயலுக்கு ஒதுங்கும் வசதியும் காரணம். கட்டி எழுப்பிய உழைப்பு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளுடையது. 1784 முதல் 1787 வரை, பின்னாளில் புகழ்பெற்ற கடற்படைத் தலைவரான நெல்சன் இங்கே பணியாற்றியதால் அவர் பெயரே தளத்துக்கு நிலைத்துவிட்டது. 1889இல் கடற்படை கைவிட்ட இந்த இடம் 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. அட்லாண்டிக்கைக் கடந்துவரும் பாய்மரப் படகுகள் பலவற்றில் குழு கலைவதும் இங்கேதான். வாரக்கணக்கில் முறைவைத்துத் தூங்கி, ஒரே பானையில் சாப்பிட்டவர்களில் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு கரையேறுவார். கட்டிப்பிடித்து அனுப்பிவைப்பது எளிது. சிக்கல் வருவது காகிதத்தில். அதற்கு விதை வந்து சேர்ந்த அன்றே விழுந்திருக்கும்.

முதலில் வந்து சேர்வது. தெற்கே இருக்கும் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பின் தேஷே விரிகுடாவிலிருந்து ஏறத்தாழ 40 கடல்மைல், கிட்டத்தட்ட நேர் வடக்கு. 6 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 6 கடல்மைல், ஏழு மணி நேரம். விடியலில் கிளம்பினால் பிற்பகல் வெளிச்சத்தில் நுழையலாம். நம் மீனவர்கள் கொண்டல் என்று சொல்லும் கீழைக்காற்று இங்கே ஆண்டு முழுக்க அடிக்கும். டிசம்பர், ஜனவரியில் அதன் வேகம் 25 நாட் அளவைத் தாண்டுவதும் உண்டு. நீரோட்டமோ மேற்கே தள்ளும். மணிக்கு ஒரு மைல்தான் என்று அலட்சியமாக இருந்தால், ஏழு மணி நேரத்தில் ஏழு மைல் மேற்கே போயிருப்பீர்கள். பிறகு காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து ஏற வேண்டும், இருட்டியும்விடும். ஆகவே தொடக்கத்திலிருந்தே கிழக்கே சற்று மிகையாகச் சுக்கானைப் பிடியுங்கள். ஐரோப்பாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வருபவர்கள் தடுமாறும் இன்னொன்று மிதவை நிறம்: கரீபியனில் துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு வலப்பக்கம் இருக்க வேண்டும். பழகிய கண் அதைத் தலைகீழாகத்தான் படிக்கும்.

நுழைவாயிலின் மேற்கு முனையில் பெர்க்லி கோட்டை. உள்ளே ஃப்ரீமன்ஸ் பே, நங்கூரம் போடும் இடம். காற்று குன்றுகளில் மோதிச் சுழல்வதால் படகுகள் ஆளுக்கொரு திசையில் திரும்பி நிற்கும். பக்கத்துப் படகுக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள். தளத்தின் கரையில் கட்டுவதானால் முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாகப் பின்வாங்கிக் கட்ட வேண்டும். அங்கே கடலடித் தரையில் கடற்படைக் காலத்துப் பெரிய புயல் சங்கிலிகள் கிடக்கின்றன. நங்கூரம் அதில் மாட்டினால் நங்கூரத்தைத் தூக்கும் வின்ச் திணறும், முங்குநீச்சல்காரரைக் கூப்பிட நேரும். நங்கூரத்தின் தலைப்பகுதியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையில் தக்கை மிதவை போட்டுவிட்டால் பின்னோக்கி இழுத்து விடுவித்துக்கொள்ளலாம்.

நாட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கும் மஞ்சள் கொடியை ஏற்றிய பிறகு கேப்டன் மட்டும் கரைக்குப் போகிறார். மற்றவர்கள் படகிலேயே இருக்க வேண்டும். கஸ்டம்ஸ், இமிக்ரேஷன், துறைமுக அலுவலகம் மூன்றும் தளத்துக்குள்ளேயே உள்ளன. இங்கே நிதானம் வேண்டும். குழுப் பட்டியலில் பெயர் எழுதப்பட்ட ஒவ்வொருவரும் அந்தப் படகிலேயே திரும்பிப் போவார் என்ற கணக்கில்தான் உள்ளே விடப்படுகிறார். ஒருவர் இங்கே இறங்கப்போகிறார் என்று தெரிந்தால், அதை அந்த முதல் மேசையிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து அவரைப் பேசாமல் டாக்ஸியில் ஏற்றி அனுப்பினால் என்ன ஆகும்? விமான நிலையத்தில் அவருடைய பாஸ்போர்ட்டில் இருப்பது படகில் வந்த முத்திரை. பெயரோ இன்னும் படகின் பட்டியலில். அவர் அங்கே நிறுத்தப்படுவார். நீங்கள் புறப்பாட்டு அனுமதி கேட்டு நிற்கும்போது மூன்று பெயருக்கு இரண்டு பாஸ்போர்ட்தான் இருக்கும். பதில் சொல்ல வேண்டியவர் கேப்டன்.

முறை இதுதான். இறங்குபவரும் கேப்டனும் சேர்ந்து இமிக்ரேஷனுக்குப் போக வேண்டும். கையில் பாஸ்போர்ட், தேதி உறுதியான விமானச் சீட்டு, குழுப் பட்டியல், இன்னார் இன்ன தேதியில் இந்தப் படகிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று படகின் பெயரும் பதிவெண்ணும் போட்டுக் கேப்டன் கையெழுத்திட்ட கடிதம். படகுக்கு ரப்பர் முத்திரை இருந்தால் குத்துங்கள். கரீபிய அலுவலகங்களில் அதற்கு மதிப்பு உண்டு. திருத்திய பட்டியலின் நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். அடுத்த தீவில் முதலில் கேட்பது அதைத்தான்.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஆன்டிகுவாவின் வி.சி. பேர்ட் விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்பும் மலிவான சீட்டு பெரும்பாலும் அமெரிக்கா வழியாக இருக்கும். விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்காவுக்கு விசா வேண்டும். சீட்டு வாங்கும் முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது. வாங்கிய பிறகு தெரிந்தால் பணம் போனதுதான். குவாதலூப் பிரெஞ்சு மண்ணாக இருந்தாலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. சாதாரண ஷெங்கன் விசாவை நம்பி அங்கே இறங்கிவிட முடியாது.

செலவு யாருடையது? வாடகைக்கு ஓடும் வணிகப் படகென்றால் 2006ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை பேசுகிறது. வேலையை முடித்துக்கொள்ள இரு தரப்பும் குறைந்தது ஏழு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஊர் அனுப்பும் செலவு உரிமையாளருடையது. வேலையில் சேரும்போதே அதற்கென முன்பணம் வாங்கிவைத்துக்கொள்வது கூடாது. பயணச் சீட்டு மட்டுமல்ல, வழியில் தங்கும் இடம், சாப்பாடு, 30 கிலோ சுமை ஆகியவற்றையும் அதன் வழிகாட்டுதல் சேர்க்கிறது. வேலைப் பதிவுச் சான்றில் வேலைத் தரத்தைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ எழுதக் கூடாது. சொந்த உல்லாசப் படகுக்கு இது எதுவும் பொருந்தாது. நண்பர்களாகச் சேர்ந்து வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். திரும்பும் சீட்டு யாருடையது, சாப்பாட்டுப் பங்கு எவ்வளவு, பாதியில் இறங்கினால் என்ன கணக்கு என்பதை ஏறும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். நட்பைச் சந்தேகிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம், நட்பு மிஞ்ச வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

கோபத்தில் பிரிவதும் உண்டு. 1798 ஜனவரியில் இதே தளத்தில், யார் மூத்தவர் என்ற தகராறில், தன் கட்டளைக்குப் பணியாத லெப்டினன்ட் பீட்டர்சனை லெப்டினன்ட் கேமல்ஃபோர்ட் பிரபு சுட்டுக் கொன்றார். படை நீதிமன்றம் அவரை விடுவித்தது. இன்றைய படகுச் சண்டைகள் தூக்கமின்மை, குடிதண்ணீர்ச் செலவு, ஆணையிடும் தொனி ஆகியவற்றில் தொடங்குகின்றன. நடுக்கடலில் எடுத்த முடிவைக் கரையில் உடனே நிறைவேற்றாதீர்கள். நங்கூரத்தில் ஒரு முழு இரவு எல்லோரும் தூங்கி எழுந்த பிறகு பேசுங்கள். அப்படியும் பிரிவதுதான் முடிவு என்றால், பாஸ்போர்ட்டை உடனே அவர் கையில் கொடுங்கள். கணக்குத் தீரும்வரை பாஸ்போர்ட்டைப் பிடித்துவைக்கும் உரிமை எந்தக் கேப்டனுக்கும் கிடையாது.

அவர் போன பிறகு படகில் செய்ய வேண்டியவை இருக்கின்றன. உயிர்காப்புச் சட்டையில் பொருத்திய அவருடைய மீட்பு சமிக்ஞைக் கருவி கூடவே போயிற்றா, படகின் அவசரக் கருவியின் பதிவில் கரைத் தொடர்பாக அவர் வீட்டு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினின் எரிபொருள் வடிகட்டியை அவர்தான் மாற்றிவந்தார் என்றால், போகும் முன் ஒருமுறை மற்றவர் கையால் மாற்றிக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று பேராக இருந்தபோது மூன்று மணி நேரக் காவலுக்கு ஆறு மணி நேர ஓய்வு கிடைத்தது. இரண்டு பேரானால் அது மூன்றுக்கு மூன்று. நீண்ட பயணத்துக்குக் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை விதிக்கும் காப்பீட்டு ஒப்பந்தங்கள் உண்டு, எடுத்துப் படியுங்கள். மாற்று ஆள் விமானத்தில் வருவதானால், ஒருவழிச் சீட்டோடு வரும் அவரை ஏற்ற விமான நிறுவனம் மறுக்கலாம். படகின் பெயர், நிற்கும் துறைமுகம், அவர் குழுவில் சேரும் தேதி எழுதிய கேப்டனின் கடிதம் கிளம்பும் முன்பே அவர் கையில் இருக்க வேண்டும்.